டபுள் செக் கண்டவுடன் வைத்துவிடலாமா?

2025 ஜனவரி 4, பின்னேரம் (உப்புவெளித் தம்பி ஒருவரின் கேள்வி)

டிசம்பரில் குகேஷ் சதுரங்க உலகச் சாம்பியன் ஆன நாளிலிருந்து தினமும் இருபது சதுரங்கப் புதிர் செய்கிறேன் அண்ணை. ஒன்று கவனித்தேன். டபுள் செக், அதாவது ஒரே நகர்வில் இரண்டு காய்களின் செக், வைக்க வழி இருந்தால் அதை உடனே வைத்தாலே விடை சரியாக வருகிறது. யோசிக்கத் தேவையே இல்லை. எதிராளி ராஜாவை நகர்த்தியே ஆகவேண்டும், வேறு போக்கில்லை. அப்படியென்றால் டபுள் செக் எப்போதும் சரியான நகர்வுதானே? யாராவது மறுப்பீர்களா?

ஜனவரி 4, இரவு 10 மணி

நான் மறுக்கிறேன். சொன்னதில் பாதி சரி, பாதி பிழை. சரியான பாதியை முதலில் பார்ப்போம்.

சாதாரணச் செக்குக்கு மூன்று மருந்து உண்டு. ராஜா விலகலாம், செக் வைத்த காயை வெட்டலாம், நடுவில் ஒரு காயைக் கொண்டுவந்து மறிக்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு காய்கள் செக் வைத்தால் கடைசி இரண்டு மருந்தும் வேலை செய்யாது. ஒன்றை வெட்டினால் மற்றது நிற்கும், ஒன்றை மறித்தாலும் மற்றது நிற்கும். ராஜா ஓடத்தான் வேண்டும். இரண்டு காய்களில் எதையும் வெட்டவே முடியாது.

ஒரு சின்ன நிலை தருகிறேன். தலைக்குள் பார்க்காதீர்கள், பலகையை எடுத்து அடுக்குங்கள். ஈ8 என்றால் வெள்ளையின் இடமிருந்து ஐந்தாவது நெடுவரிசை, கீழிருந்து எட்டாவது கட்டம். கறுப்பு: ராஜா ஈ8, ராணி டி8, கோட்டை எச்8, குதிரை ஜி8, சிப்பாய்கள் எஃப்7, ஜி7, எச்7. வெள்ளை: ராஜா ஜி1, கோட்டை ஈ1, குதிரை ஈ4, சிப்பாய்கள் எஃப்2, ஜி2, எச்2. வெள்ளையின் முறை, ஒரே நகர்வில் மாட் (செக்கிலிருந்து ராஜா தப்ப வழியே இல்லாத முடிவு).

குதிரை டி6-க்குப் போனாலும் டபுள் செக், எஃப்6-க்குப் போனாலும் டபுள் செக். ஒன்று மாட், மற்றது வெறும் சத்தம். எது எது என்று சொல்லுங்கள், பிறகு கதைப்போம்.

ஜனவரி 5, காலை

விடிவதற்குள் பிடித்துவிட்டார். இரண்டுமே மாட் இல்லையாம். எஃப்6-இல் வைத்தாலும் ராஜா எஃப்8-க்குப் போய்விடுகிறதாம். உண்மைதான். எஃப்8-இல் கறுப்பு மந்திரி நிற்கவேண்டும், நான் எழுத விட்டுவிட்டேன். ராத்திரி கடையை மூடிவிட்டு வந்து எழுதினால் இப்படித்தான்.

மேலே எழுதியதைத் திருத்தாமல் விடுகிறேன், ஏனென்றால் என் பிழைதான் உங்கள் கேள்விக்கு நல்ல பதில். மந்திரி இல்லாத நிலையிலும் அதே இரண்டு காய்கள், அதே டபுள் செக், ஆனால் மாட் இல்லை. மந்திரியை எஃப்8-இல் வையுங்கள். இப்போது குதிரை எஃப்6-க்குப் போனால் ராஜாவுக்கு எங்கே இடம்? எஃப்8-இல் சொந்த மந்திரி, டி8-இல் சொந்த ராணி, எஃப்7-இல் சொந்தச் சிப்பாய். ஈ7-ஐக் கோட்டை பார்க்கிறது, டி7-ஐக் குதிரை பார்க்கிறது. முடிந்தது. டி6-க்குப் போயிருந்தால் டி7 திறந்து கிடக்கும், ராஜா நடந்து போய்விடும்.

இன்னொன்றையும் பாருங்கள். எஃப்6 குதிரையை வெட்டக்கூடியவர்கள் மூன்று பேர்: ஜி7 சிப்பாய், ஜி8 குதிரை, டி8 ராணி. ஈ7-இல் வந்து கோட்டையை மறிக்கக்கூடியவர்களும் மூன்று பேர்: ராணி, மந்திரி, குதிரை. அத்தனை பேரும் வீட்டில் இருக்கிறார்கள், ஒருவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. எனக்கு டபுள் செக்கில் பிடித்ததே இதுதான். ராஜாவைத் துரத்துவதைவிட, சுற்றி நிற்கிறவர்களின் கையைக் கட்டிப்போடுவது.

ஜனவரி 6

"எதையும் வெட்டவே முடியாது" என்று முதல் நாள் எழுதியது பிழை. ராஜா தானே வெட்டலாம். செக் வைத்த இரண்டில் ஒன்று ராஜாவுக்குப் பக்கத்துக் கட்டத்தில் காவலில்லாமல் நின்று, அந்தக் கட்டத்தில் மற்றக் காயின் பார்வையும் விழாவிட்டால், வெட்டிக்கொண்டு போகலாம்.

உதாரணம்: கறுப்பு ராஜா டி8, கறுப்புக் கோட்டை ஈ8. வெள்ளைக் கோட்டை டி1, வெள்ளைச் சிப்பாய் டி7. சிப்பாய் ஈ8 கோட்டையை வெட்டி ராணியாகிறது. பக்கத்தில் புது ராணியின் செக், கீழேயிருந்து கோட்டையின் செக். பார்க்கப் பயங்கரமாக இருக்கும். ராஜா சாவகாசமாக ஈ8-இல் புது ராணியைத் தின்றுவிடும். ஈ1-இல் இன்னொரு வெள்ளைக் கோட்டை இருந்து ஈ வரிசையும் திறந்திருந்தால் தின்ன முடியாது, சி7-க்கு ஓடவேண்டும்.

ஜனவரி 8

கோட்டையா யானையா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தமிழ்நாட்டு நண்பர்கள் யானை என்கிறார்கள், சிலர் தேர் என்கிறார்கள். பழைய வழக்கில் இரண்டுக்கும் நியாயம் உண்டு. எனக்குக் கோட்டைதான். திருகோணமலையில் பிறந்தவனுக்கு வேறென்ன வாயில் வரும்? 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்த கல்லில் கட்டிய கோட்டை வாசல் வழியாகத்தான் இன்றைக்கும் கோயிலுக்குப் போகிறோம். உள்ளே மான்கள் மேய்கின்றன. சதுரங்கத்தில் மான் இல்லாதது ஒரு குறை.

என்னிடம் இருக்கிற பெட்டியில் ஒரு கறுப்புக் கோட்டை இல்லை. தங்கச்சி வீட்டுத் தையல்மெசினிலிருந்து எடுத்த நூல்கட்டைதான் பத்து வருடமாக அந்த இடத்தில் நிற்கிறது. கறுப்பு நூல் கொஞ்சம் இன்னும் சுற்றியிருக்கிறது. வெட்டுப்பட்டால் மேசையில் உருண்டு நிலத்தில் விழும், அதனால் அதை வெட்டுவதென்றால் எல்லோருக்கும் ஒரு தயக்கம். உப்புக்காற்றில் பலகையும் ஊதிவிட்டது. ஏ1 மூலை தூக்கிக்கொண்டு நிற்கிறது.

ஜனவரி 14, பொங்கல், மத்தியானம்

பொங்கிச் சாப்பிட்டாயிற்று. இனி விசயத்துக்கு வருவோம்.

டபுள் செக் புதிர் என்றால் எல்லோரும் முதலில் காட்டுவது ரெட்டி, டார்டகோவர் ஆட்டம். வியன்னா, 1910. பதினோரு நகர்வில் முடிந்தது. எட்டு நகர்வுக்குப் பிறகு நிலை இது. கறுப்பு: ராஜா ஈ8, ராணி ஈ5, கோட்டைகள் ஏ8, எச்8, மந்திரிகள் சி8, எஃப்8, குதிரைகள் பி8, ஈ4, சிப்பாய்கள் ஏ7, பி7, சி6, எஃப்7, ஜி7, எச்7. வெள்ளை: ராஜா சி1, ராணி டி3, கோட்டைகள் டி1, எச்1, மந்திரிகள் டி2, எஃப்1, குதிரை ஜி1, சிப்பாய்கள் ஏ2, பி2, சி2, எஃப்2, ஜி2, எச்2.

வெள்ளை ராணி நேராக டி8-க்குப் போய் செக் வைக்கிறது. ரெட்டி சும்மா கொடுக்கிறார். ராஜா வெட்டியே ஆகவேண்டும். இப்போது ராஜா டி8-இல், கோட்டை டி1-இல், நடுவில் டி2 மந்திரி மட்டும். மந்திரி ஜி5-க்குப் போனால் டபுள் செக். ராஜாவுக்கு இரண்டே இடம். சி7-க்குப் போனால் மந்திரி டி8-இல் மாட். ஈ8-க்குப் போனால் கோட்டை டி8-இல் மாட்.

இனி என் சங்கதி. பதினொரு வயதில் பெரியப்பா இந்த நிலையைக் கொப்பியிலிருந்து அடுக்கித் தந்து கண்டுபிடி என்றார். ராணியை டி8-இல் கொடுப்பதை அரை மணித்தியாலத்தில் கண்டுபிடித்தேன். அந்தப் புளுகத்தில் அடுத்ததை யோசிக்கவில்லை. மந்திரியை ஏ5-இல் வைத்தேன். அதுவும் டபுள் செக்தான், பி6, சி7 வழியாக டி8-ஐப் பார்க்கிறது. மூலையிலிருந்து வருவது எனக்கு இன்னும் அழகாகத் தெரிந்தது. பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. கறுப்பு ராஜாவை ஈ7-இல் வைத்துவிட்டு பிளேன்ரீயை எடுத்துக் குடித்தார்.

ஜி5 மந்திரி ஈ7-ஐப் பூட்டுகிறது, ஏ5 மந்திரி சி7-ஐப் பூட்டுகிறது. முதலாவதில் ராஜாவுக்கு மிஞ்சுவது சி7, ஈ8. இரண்டிலும் சாவு. இரண்டாவதில் மிஞ்சுவது ஈ7, ஈ8. உடனே மாட் கிடையாது, ராணியும் போய்விட்டது. இரண்டுமே டபுள் செக், தம்பி. உங்கள் விதிப்படி நான் எதை வைத்திருக்கவேண்டும்?

ஜனவரி 15

நேற்று விட்டுப்போனது. இந்த உத்தியை ரெட்டி கண்டுபிடித்தார் என்று சிலர் நினைக்கிறார்கள். 1852-இல் பெர்லினில் அண்டர்சன் டுஃப்ரேனை வென்ற ஆட்டத்திலேயே, எவர்கிரீன் என்று பெயர் வாங்கிய அந்த ஆட்டத்தில், இதே எலும்புக்கூடு இருக்கிறது. ராணியை டி7-இல் கொடுத்து ராஜாவை டி வரிசைக்கு இழுக்கிறார். டி3 மந்திரி எஃப்5-க்குப் பாய்ந்து டி1 கோட்டைக்கு வழிவிடுகிறது. ராஜா சி6-க்குப் போயிருந்தால் மந்திரி டி7-இல் மாட். ஈ8-க்குப் போனது. மந்திரி டி7-இல் செக், ராஜா எஃப்8, கடைசியில் மற்ற மந்திரி ஈ7-இல் வெட்டி மாட். இரண்டு ஆட்டத்துக்கும் நடுவில் 58 வருடம். ரெட்டியும் அதைப் படித்து வளர்ந்தவராகத்தான் இருப்பார்.

இரண்டிலும் டபுள் செக் முதல் நகர்வு அல்ல, இரண்டாவது நகர்வு. முதலாவது ஒரு இழுப்பு. ராஜா சரியான வரிசையில் தானாக நிற்காது, விலை கொடுத்து இழுக்கவேண்டும்.

ஜனவரி 19

குதிரை போடும் மூச்சடைப்பு மாட்டைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்கிறார்கள். வேண்டுமென்றுதான் தள்ளிப்போட்டேன். பழைய காயம்.

நிலை: கறுப்பு ராஜா ஜி8, கோட்டை ஈ8, சிப்பாய்கள் ஜி7, எச்7. வெள்ளை ராணி சி4, குதிரை எஃப்7. குதிரை எச்6-க்குப் போகிறது. குதிரையின் செக்கும், அது விலகியதால் திறந்த ராணியின் செக்கும். ராஜா எஃப்8-க்குப் போனால் ராணி எஃப்7-இல் மாட். எச்8-க்குப் போனால் ராணி ஜி8-இல் தன்னைக் கொடுக்கிறது. குதிரை காவல் நிற்பதால் ராஜா வெட்ட முடியாது, கோட்டைதான் வெட்டவேண்டும். குதிரை எஃப்7-க்குத் திரும்பி வந்து மாட். ராஜா தன் ஆட்களுக்கு நடுவில் மூச்சு முட்டிச் சாகிறது. 1497-இல் ஸ்பெயினில் அச்சான லுசேனாவின் நூலிலேயே இந்த மாட் இருக்கிறது. பெயர் மட்டும் பின்னால் வந்த பிலிடோருக்குப் போய்விட்டது.

பதினான்கு வயதில் வெளியூரில் ஒரு போட்டி. ஏழு மணிக்கு பஸ் ஏறிப் போனோம். மூன்றாவது ஆட்டத்தில் இதே நிலை பலகையில் வந்தது. கை நடுங்கக் குதிரையை எச்6-இல் வைத்தேன், மணிக்கூட்டை அமத்தினேன். எதிரே இருந்த பொடியன் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. ஜி7 சிப்பாயால் குதிரையை வெட்டினான். எனக்கு முகம் சிவந்துவிட்டது. எச்6-ஐச் சிப்பாய் பார்க்கிறதை எப்படிக் கவனிக்காமல் விட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டு ஆடினேன். தோற்றேன். கைகொடுத்தேன். பஸ் கன்னியாச் சந்தியைத் தாண்டும்போதுதான் மண்டையில் உறைத்தது. அவன் வெட்டவே முடியாது! சி4-இல் என் ராணியின் செக் நின்றுகொண்டே இருந்தது.

ஆட்டம் நடக்கும்போது கண்டுபிடித்திருந்தால் நிலையைத் திருப்பி வைத்திருப்பார்கள், எனக்கு மேலதிக நேரமும் தந்திருப்பார்கள். ஆட்டம் முடிந்து கைகொடுத்தபிறகு முடிவு முடிவுதான். அவன் ஏமாற்றவில்லை என்றுதான் இன்றும் நம்புகிறேன். அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. வாய்க்குள் வந்த குதிரையைச் சிப்பாய் தின்றது, அவ்வளவுதான். டபுள் செக்கில் தோற்ற ஆள் என்று வீட்டில் இன்றும் ஒரு பெயர் உண்டு.

ஜனவரி 20

ஜி7 சிப்பாயைப் பற்றி இரவு முழுக்க யோசித்தேன். 5ஆம் திகதி எழுதிய புதிரிலும் எஃப்6-ஐப் பார்த்துக்கொண்டு நின்றது அதே ஜி7 சிப்பாய்தான். நேற்று எழுதியதிலும் அதேதான். டபுள் செக் கதைகளில் பாவப்பட்ட ஜீவன் ராஜா இல்லை, அந்தச் சிப்பாய். வாசலில் நின்று திருடனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

பெப்ரவரி 10

நேற்று ஞாயிறு மத்தியானத்துக்கு முன்னம் நாடு முழுக்கக் கரண்ட் போனது. பாணந்துறையில் துணைமின் நிலையத்தில் குரங்கு பாய்ந்ததாம். நாங்கள் சிரித்துக்கொண்டே யன்னலைத் திறந்துவிட்டு உட்கார்ந்தோம். போனும் சார்ஜ் இல்லை. தங்கச்சியின் மகன், ஏழாம் ஆண்டு படிக்கிறவன், "மாமா, பெரிய ஆட்டம் ஒன்று காட்டுங்கோ" என்றான்.

லண்டன் 1912, எட்வர்ட் லாஸ்கர் எதிர் ஜோர்ஜ் தோமஸ். இந்த லாஸ்கர் உலகச் சாம்பியன் இமானுவேல் லாஸ்கர் இல்லை, வேறு ஆள். தோமஸ் என்பவர்தான் பாட்மின்டனில் தோமஸ் கிண்ணம் என்கிறோமே, அவர். மருமகனுக்கு அது பெரிய அதிசயம். ஆட்டத்தை விட்டுவிட்டுப் பாட்மின்டன் கதைக்கத் தொடங்கினான், இழுத்துப்பிடித்துப் பலகைக்குக் கொண்டுவந்தேன்.

பதினோராவது நகர்வில் வெள்ளை ராணி எச்7 சிப்பாயை வெட்டிச் செக். ராஜா வெட்டுகிறது. ஈ4 குதிரை எஃப்6-இல் இருந்த மந்திரியை வெட்டுகிறது: குதிரையின் செக், பின்னால் டி3 மந்திரியின் செக். மருமகன் உடனே, "ஜி7 சிப்பாயால வெட்டலாம்... இல்லை, ஏலாது" என்றான். அந்த இடைவெளி ஒரு விநாடிதான். எனக்கு அந்த ஒரு விநாடிக்குப் பதினான்கு வயதில் ஒரு பஸ் பயணம் செலவானது.

ராஜா எச்8-க்குப் போயிருந்தால் மற்றக் குதிரை ஜி6-இல் மாட். எச்6-க்கு வந்தது. அதற்குப் பிறகு நடந்தது வேட்டை இல்லை, ஊர்வலம். ஜி5, எஃப்4, எஃப்3, ஜி2, கடைசியில் ஜி1. கறுப்பு ராஜா வெள்ளையின் வீட்டுக்குள்ளேயே வந்து நின்றது. பதினெட்டாவது நகர்வில் வெள்ளை ராஜா ஈ1-இலிருந்து டி2-க்கு ஒரு அடி வைக்க, ஏ1 கோட்டையின் வழி திறந்து மாட். ராஜாவே கதவைத் திறந்துவிட்டது. அந்த இடத்தில் காஸ்லிங் (ராஜாவையும் கோட்டையையும் ஒரே நகர்வில் நகர்த்துவது) செய்தாலும் மாட் வந்திருக்கும், இன்னும் ஸ்டைலாக இருந்திருக்கும். ஏன் செய்யவில்லை என்று மருமகன் கோபித்துக்கொண்டான். கரண்ட் வந்ததும் எழும்பிப் போய்விட்டான்.

பெப்ரவரி 12

ஒரு விதி கண்டுபிடித்தேன், பெருமையாகச் சொல்கிறேன். விலகி வழிவிட்டு, அதே நேரத்தில் தானும் செக் வைக்கிற காய் ராணியாக இருக்கவே முடியாது. குதிரை செய்யும், மந்திரி செய்யும், கோட்டை செய்யும், சிப்பாய்கூடச் செய்யும். ராணி செய்யாது. ஏன்? ராணி தன் கோட்டைக்கும் எதிரி ராஜாவுக்கும் நடுவில் நின்றால் அதுவே ஏற்கெனவே செக் வைத்துக்கொண்டிருக்கும். மூலைவாட்டாக மந்திரிக்கு முன்னால் நின்றாலும் அதே கதை. ஆகவே டபுள் செக் தேடும்போது விலகுகிற காயாக ராணியைப் பார்க்கவே வேண்டாம். பின்னால் நிற்கிற காயாக மட்டும் பாருங்கள்.

பெப்ரவரி 13

மருமகன் நேற்று எழுதியதை வாசித்துவிட்டு, "அப்ப ஜனவரி 6-இல நீங்கள் எழுதினது என்ன?" என்றான். டி7 சிப்பாய் ஈ8-இல் ராணியாகி டபுள் செக் வைத்தது. நானே கொடுத்த உதாரணம். ஓம், புறப்பட்டது சிப்பாய், போய்ச் சேர்ந்தது ராணி. விதியில் "சிப்பாய் ராணியாவதைத் தவிர" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். என் பெருமை ஒரு நாள்தான் நின்றது.

அவன் அதோடு விடவில்லை. நகர்ந்த காய் செக்கே வைக்காமல் டபுள் செக் வருமா என்று கேட்டான். வராது என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டு மூடினேன். வரும், என்பாசான் வெட்டில், அதாவது இரண்டு கட்டம் தாண்டி வந்த சிப்பாயை அது ஒரு கட்டமே நகர்ந்ததுபோல வெட்டுவதில். கறுப்பு ராஜா ஈ6, வெள்ளைக் கோட்டை ஈ1, வெள்ளைச் சிப்பாய் ஈ5, வெள்ளை மந்திரி பி3. மந்திரியின் செக்கை மறிக்கக் கறுப்பு டி7 சிப்பாயை டி5-க்குத் தள்ளுகிறது. வெள்ளைச் சிப்பாய் அதைப் போகிறபோக்கில் வெட்டி டி6-இல் நிற்கிறது. ஈ5 காலியானதால் கோட்டையின் வழி திறந்தது, டி5 காலியானதால் மந்திரியின் வழி திறந்தது. செக் வைக்கிற இரண்டும் அசையவே இல்லை. பலகையில் அடுக்கிப் பார்த்தபோது இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பெப்ரவரி 18

உப்புவெளித் தம்பி கடைக்கு நேரில் வந்தார். ஏதோ விண்ணப்பம் போட்டோக்கொப்பி எடுக்க வந்தவர், பேச்சு இதில் வந்து நின்றது. போனைக் காட்டினார். அப்போதுதான் விசயம் வெளித்தது.

லிசெஸ் தளத்தில் புதிர்களை வகைபிரித்து வைத்திருக்கிறார்கள் அல்லவா, அதில் டபுள் செக் என்று ஒரு வகை உண்டு. இவர் அதை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு செய்திருக்கிறார். டபுள் செக் வகைப் புதிரில் டபுள் செக் வைத்தால் சரியாகத்தானே வரும்! மாங்காய்க் கூடைக்குள் கையை விட்டுவிட்டு எடுத்ததெல்லாம் மாங்காய் என்ற கதை. இருவரும் சிரித்தோம். கலவைப் புதிருக்கு மாற்றிக் கொடுத்தேன். ஐந்தில் மூன்று பிழை. முகம் தொங்கிவிட்டது, பாவம்.

ஆனால் அவரைச் சிரித்ததற்குப் பிறகு வருத்தப்பட்டேன். நானும் இந்த ஒன்றரை மாதமாக அதைத்தான் செய்திருக்கிறேன். இங்கே வைத்த நிலை ஒவ்வொன்றையும் "இதில் டபுள் செக் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுத்தான் வைத்தேன். அப்படிச் சொன்னவுடனே பாதிப் புதிர் தீர்ந்துவிடும். ஆட்டத்தில் தோளைத் தட்டிச் சொல்ல ஆள் இல்லை.

அவருக்கு நான் சொன்னது இது, இங்கேயும் எழுதிவைக்கிறேன். செக்கைத் தேடாதீர்கள், வரிசையைத் தேடுங்கள். உங்கள் கோட்டை, மந்திரி, ராணி இவற்றில் ஒன்று எதிரி ராஜாவைப் பார்க்க நடுவில் உங்கள் காய் ஒன்றே ஒன்று மறிக்கிறதா? ராஜா அந்த வரிசையில் இல்லையென்றால், அங்கே இழுக்க என்ன விலை? அதன்பிறகு ராஜாவைச் சுற்றியுள்ள கட்டங்களை விரல் வைத்து எண்ணுங்கள். எதிராளியின் மற்றக் காய்களைப் பார்க்கவேண்டாம், அவை அந்த ஒரு நகர்வுக்குச் செத்தவை, சுவராக மட்டும் நிற்கும். சுவர் எங்கே, ஓட்டை எங்கே என்று பார்த்தபிறகுதான் விலகுகிற காய் எந்தக் கட்டத்துக்குப் போவது என்று முடிவெடுக்கவேண்டும். நான் பதினொரு வயதில் செய்ததுபோல அழகாக இருக்கிற கட்டத்துக்கு அல்ல.

ஐந்து கொப்பிக்குக் காசு வாங்கவில்லை.

பெப்ரவரி 27, அதிகாலை

சிவராத்திரி. கோணேசர் கோயிலில் மூன்றாம் சாமம் முடிந்து வீட்டுக்கு வந்தோம். கண் விழிக்கவேண்டுமே என்று மருமகனோடு பலகையை விரித்தேன். அவன் கறுப்பு. விரதம் எனக்கு மட்டும், அவனுக்குத் தங்கச்சி வடை வைத்திருந்தாள்.

பன்னிரண்டு பதின்மூன்று நகர்வு போயிருக்கும். பலகையைப் பார்க்கிறேன், நெஞ்சு அடிக்கிறது. கறுப்பு ராஜா ஈ8. என் குதிரை ஈ4. என் கோட்டை ஈ1, நடுவில் வேறொன்றும் இல்லை. எஃப்8-இல் மந்திரி. எஃப்7, ஜி7 சிப்பாய்கள். ஜனவரி 4-இல் நான் எழுதிய அதே நிலை, இந்த முறை மந்திரியும் மறக்காமல் நிற்கிறது! எச்8-இல் நூல்கட்டை. இரண்டு மாதம் எழுதியது வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டு குதிரையைத் தூக்கி எஃப்6-இல் டக்கென்று வைத்தேன். மாட் என்று சொல்லியும்விட்டேன்.

மருமகன் பலகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ராஜாவை டி8-இல் வைத்துவிட்டு வடையை எடுத்துக் கடித்தான்.

டி8 காலி. ராணி டி8-இல் இல்லை, சி5-இல் நின்றது. சி5-ஐ என் ஈ4 குதிரை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. சும்மா ஒற்றைச் செக்கோடு ராணியை வெட்டியிருக்கலாம், கோட்டையின் செக் இருப்பதால் எஃப்8 மந்திரியால் திருப்பி வெட்டவும் முடியாது. டபுள் செக்கைத் தவிர எதை வைத்திருந்தாலும் வென்றிருப்பேன் என்றுகூடச் சொல்லலாம். ஜி7 சிப்பாய் வாயைத் திறக்கிறதைப் பார்த்துக் குதிரையை ஈ4-க்கே திருப்பிக் கொண்டுவந்தேன், அடுத்த நகர்வில் ராணி நகர்ந்துவிட்டது.

"மாமா, இதையும் எழுதுவீங்களா?" என்று கேட்டான். எழுதுகிறேன் என்றேன். வடையைத் தின்று முடித்துவிட்டு, நாற்பதாவது நகர்வில் நூல்கட்டையாலேயே என்னை மாட் வைத்தான்.